பனிக்காலத்தில் பாய்மரப் படகே வீடானால்

குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் முடியும்போது பெரும்பாலான பாய்மரப் படகுகள் கரைக்கு ஏற்றப்பட்டுவிடும். பாய்களைக் கழற்றி, இயந்திரத்திலுள்ள தண்ணீரை வடித்து, மேலே படங்கு கட்டிவிட்டு உரிமையாளர்கள் வீடு திரும்புவார்கள். ஆனால் திரும்பிச் செல்ல வேறு வீடு இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பொஸ்டன், நோர்வேயின் ஒஸ்லோ போன்ற துறைமுக நகரங்களில் சிறு படகுகளிலேயே ஆண்டு முழுவதும் குடியிருப்போர் உள்ளனர். சிலருக்கு வீட்டு வாடகை கட்டுப்படியாவதில்லை. வேறு சிலருக்குக் கடலை விட்டுப் பிரிய மனமில்லை.

இந்த வாழ்வில் குளிரே முதல் எதிரி என்று எண்ணத் தோன்றும். குளிரை உடையாலும் அடுப்பாலும் ஓரளவு சமாளிக்கலாம். உள்ளே சேரும் ஈரமும் உள்ளே கெட்டுப்போகும் காற்றுமே கடினமானவை. சூட்டைக் காப்பதற்காகத் துவாரங்களை அடைக்க அடைக்க இவ்விரண்டும் கூடும்.

ஈரம்

மனிதரின் மூச்சிலும் வியர்வையிலும் சமையலிலும் இருந்து நீராவி வெளிவருகிறது. எரிவாயுவும் நீரை உண்டாக்கும். ஒரு கிலோ புரொப்பேன் வாயு எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உருவாகிறது. இந்த நீராவி குளிர்ந்த படகுச் சுவரில் பட்டுத் துளிகளாகி வடியும். கடுங்குளிரில் அது சுவரிலேயே பனியாக உறையும். மெத்தையின் அடிப்பக்கம் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும்.

இதனால் அனுபவமுள்ளவர்கள் மெத்தையை மரச் சட்டங்களின் மேல் போட்டு, அடியில் காற்றோட விடுகிறார்கள். சுவர்களின் உட்புறத்தில் தக்கை அல்லது நுரைத் தகடு ஒட்டுகிறார்கள். புகைபோக்கியுள்ள டீசல் அல்லது விறகு அடுப்பையே நாடுகிறார்கள். அதில் எரிபொருளின் நீராவியும் புகையும் வெளியே போய்விடும்.

காற்று

போதிய ஒக்சிசன் இல்லாமல் எரியும் அடுப்பு காபனோரொட்சைட்டு வாயுவை வெளியிடும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினுடன் இது ஒக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணையும். தலையிடி, குமட்டல், அசதி ஆகியவை முதல் அறிகுறிகள். உறங்குபவர் இவற்றை உணராமலே இறந்துவிடக்கூடும். எனவே சமையல் அடுப்பை இரவில் சூட்டுக்காக எரிய விடக்கூடாது. காற்றுத் துவாரம் ஒன்றாவது எப்போதும் திறந்திருக்க வேண்டும். புகைபோக்கியையும் துவாரத்தையும் மூடும் பனியை உடனுக்குடன் அகற்ற வேண்டும். மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவியைப் படுக்கைக்கு அருகே பொருத்துவது அவசியம்.

வெளியே

பனிபடிந்த இறங்குதுறையில் வழுக்கி விழுவதே வெளியே காத்திருக்கும் பெரிய ஆபத்து. உறைநிலைக்கு அண்மித்த நீரில் விழுபவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். சுமார் பத்து நிமிடங்களில் கைகால்கள் வலுவிழக்கும். அதன்பின் ஏணி இருந்தாலும் பிடித்து ஏற முடியாது. ஆகவே துறையில் நடக்கும்போதும் உயிர்காப்பு அங்கி அணிகிறார்கள். நீருக்குள் எட்டும் ஏணியை எப்போதும் இறக்கியே வைக்கிறார்கள். இரவில் வெளியே போகும்போது பக்கத்துப் படகில் உள்ளவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். துறையின் தண்ணீர்க் குழாய்கள் உறையாதிருக்க மூடப்படும் இடங்களில் குடிநீரையும் கலன்களில் சுமந்துவர வேண்டும்.

முன்னோடிகள்

நோர்வே நாட்டவரான ரோல்ட் அமுண்ட்சென் 1903இல் தம்முடன் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு, 21 மீற்றர் நீளமான யோவா என்ற பழைய மீன்பிடிக் கலத்தில் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்டார். கனடாவின் வடக்கிலுள்ள கிங் வில்லியம் தீவின் விரிகுடா ஒன்றில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தார். உயிர்வாழும் முறையை அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அத்தீவின் நெட்சிலிக் இனுயிட் மக்கள். கலைமான் தோலாடையைத் தளர்வாக அணிய வேண்டும், வியர்வையில் நனையக்கூடாது என்பவை அவர்களின் பாடங்கள். நனைந்த உடை குளிரில் உயிரைப் பறிக்கும் என்பதை அவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். யோவா 1906இல் அலாஸ்காவின் நோம் நகரை அடைந்தது. இன்று அது ஒஸ்லோவில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

உலர்ந்திருக்க வேண்டும், நெருப்புள்ள இடத்தில் காற்று வந்துபோக வழி இருக்க வேண்டும் என்ற விதிகள் படகுக்கு மட்டும் உரியவை அல்ல. கனடாவிலோ நோர்வேயிலோ முதற் குளிர்காலத்தைக் காணும் நம் உறவுகளின் அறைக்கும் அவை பொருந்தும். கதவு யன்னல்களை அடைத்துவிட்டுக் கரியடுப்பு மூட்டினால், வீட்டினுள்ளும் அதே வாயுதான் நிறையும்.