பதினான்கு இடங்களும் ஒரு வழக்கும்

தேர்வு முடிவு வெளிவரும் நாளில் பண்டார் பாரு வட்டாரத் தோட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "வாத்தியாரே, பையன் நல்ல புள்ளி எடுத்திருக்கிறான். உபகாரச் சம்பளம் கிடைக்குமா? பல்கலைக்கழகத்தில் இடம் உண்டா?" ஒரு பக்கம் புள்ளி, மறுபக்கம் இனவாரிப் பங்கு. சட்டம் எந்தப் பக்கம் நிற்கும்? நம் முன்னோர் கப்பலேறி வந்த சென்னை மாகாணத்தில் இதே கேள்வி 1950ஆம் ஆண்டிலேயே நீதிமன்றம் ஏறியது. அவ்வரலாற்றை இன்று காண்போம்.

மக்கள் தொகையில் சிறு பகுதியினரான பிராமணரே அம்மாகாணத்தில் அரசாங்க வேலைகளை மிகுதியாகப் பெற்று வந்தனர். மற்றவர்க்கும் வழி திறக்க, நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. பின்னர் அம்முறை கல்லூரிகளுக்கும் வந்தது. 1950இல் பதினான்கு இடங்கள் இருந்தால் அவை இவ்வாறு பிரிக்கப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனர் என அன்று குறிக்கப்பட்ட தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மாநிலம் முழுவதிலும் மருத்துவக் கல்லூரி இடங்கள் 330. பொறியியல் இடங்கள் 395. பந்தி சிறிது, பசித்தவர் பலர்.

1950 ஜனவரி 26ஆம் நாள் இந்திய அரசியல் சட்டம் நடப்புக்கு வந்தது. மதம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டும் எவருக்கும் அரசாங்கக் கல்விக்கூடத்தில் இடம் மறுக்கலாகாது என்றது அதன் 29ஆவது விதி. அவ்வாண்டே செண்பகம் துரைராசன் என்னும் பெண்மணியும் சி.ஆர். சீனிவாசன் என்னும் மாணவரும் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். அம்மையார் மருத்துவம் பயில விரும்பியவர். சீனிவாசன் கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு மனுச் செய்தவர். விருப்பப் பாடங்களில் 450க்கு 369 புள்ளிகள் பெற்றவர். இருவரும் பிராமணர்.

உயர்நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் எழுவரும் அதை உறுதி செய்தனர். அவர்கள் காட்டிய காரணம் கவனிக்கத்தக்கது. அரசாங்க வேலையில் பின்தங்கியோருக்குப் பங்கு வைக்கலாம் என்று அரசியல் சட்டமே சொல்லியிருந்தது. கல்லூரி இடத்துக்கு அவ்வாறு சொல்லவில்லை. சட்டத்தில் இல்லாத வாசலை அரசாணையால் திறக்க இயலாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தமிழ்நாட்டில் கொந்தளிப்பு எழுந்தது. பெரியார் கிளர்ச்சி நடத்தினார். நேருவின் அரசாங்கம் 1951 ஜூனில் அரசியல் சட்டத்தை முதன்முறையாகத் திருத்தி, 15ஆவது விதியில் 4ஆவது உட்பிரிவைச் சேர்த்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அது இடமளித்தது. வழக்கில் மூடிய வாசல் திருத்தத்தால் திறந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அரசாங்கக் கல்விக்கூடங்களில் மாணவரைச் சேர்ப்பதிலும், அரசாங்கப் பணத்தில் கல்வி உதவி வழங்குவதிலும் இன, மத வேறுபாடு கூடாது என்கிறது 12ஆவது விதி. ஆயினும் மலாய்க்காரர்களுக்கு உபகாரச் சம்பளத்தில் பங்கு ஒதுக்க 153ஆவது விதி 1957 முதலே இடமளித்தது. பல்கலைக்கழக இடம் அதில் சொல்லப்படவில்லை. தகுதி பெற்றவர் தொகையைவிட இடங்கள் குறைவாயின், மலாய்க்காரர்க்கும் சபா, சரவாக் பூர்வ குடியினர்க்கும் பங்கு ஒதுக்கலாம் என 1971இல்தான் திருத்தம் வந்தது. சென்னை ஆணைக்கு 1950இல் இல்லாத ஆதாரம் இங்கே சட்டத்திலேயே எழுதப்பட்டது.

நேயர்களே, சென்னையில் வைத்த பங்கு, நம் முன்னோர் விட்டு வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் வாசல் திறந்தது. இங்கோ நம் பிள்ளைகள் பங்குக்கு வெளியே நிற்கிறார்கள். அங்கே சரி, இங்கே தவறு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. இரண்டையும் ஒரே படிக்கல்லால் நிறுக்க வேண்டும். பின்தங்கிய பிள்ளைக்கு அது படியாகிறதா? வெளியே நிற்கும் ஏழைப் பிள்ளையின் நியாயமான நலன் காக்கப்படுகிறதா? இரண்டாவது கேள்வி நம் கற்பனையன்று. மற்ற இனத்தாரின் நியாயமான நலன்களையும் பேரரசர் காக்க வேண்டும் என்று அதே 153ஆவது விதி சொல்கிறது.

அரசியல் சட்டம் புத்தகமாகக் கிடைக்கிறது. ஒரு மாலை உங்கள் பிள்ளையை 12ஆவது விதியையும் 153ஆவது விதியையும் வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். மனுப் படிவம் நிரப்பும் முன்பே அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.