கண்ணீரில் பிறந்த சொல்



ஆங்கிலத்தில் "ஃபீபிள்" என்றொரு பெயரடை உண்டு. பலவீனமான, நலிந்த, வலுவற்ற என்று அகராதிகள் பொருள் தருகின்றன. முதுமையால் தளர்ந்தவரையும், மங்கிய வெளிச்சத்தையும், தேய்ந்த குரலையும் இச்சொல் குறிக்கும். நம்ப முடியாத சாக்குப்போக்கையும் இச்சொல்லால் கேலி செய்வர்.

இதன் வேரைத் தேடியபோது நான் திகைத்துப்போனேன். லத்தீன் மொழியில் "ஃப்ளேரே" என்றால் அழுதல். அதிலிருந்து பிறந்த "ஃப்ளெபிலிஸ்" என்பதற்கு, அழத்தக்க, இரங்கத்தக்க என்று பொருள். உரோமக் கவிஞர் ஹொரஸ், தமது நண்பர் குயின்டிலியஸ் இறந்தபோது வேர்ஜிலை விளித்துப் பாடிய கவிதையில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். அங்கே பலவீனம் என்ற கருத்தே கிடையாது. பழைய பிரெஞ்சில் முதல் "ல்" ஒலி உதிர்ந்தது. பொருளும் மெல்லச் சாய்ந்தது. ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் வந்தபோது, "வலுவற்ற" என்பதே அதன் பொருளாகிவிட்டது.

பார்ப்பவரின் இரக்கத்தைச் சொன்ன சொல், பார்க்கப்படுபவரின் குறையைச் சொல்லலாயிற்று.

ஷேக்ஸ்பியர் இந்தச் சொல்லுடன் விளையாடியிருக்கிறார். 1600இல் அச்சான "நான்காம் ஹென்றி" நாடகத்தின் இரண்டாம் பாகத்தில், ஃபோல்ஸ்டாஃப் படைக்கு ஆள் சேர்க்கிறான். கட்டுமஸ்தான புல்காஃப் நோய் என்று சாக்குச் சொல்லி, இலஞ்சம் கொடுத்துத் தப்புகிறான். பெண்களுக்கு உடை தைக்கும் எளிய தையற்காரனோ தயங்காமல் போருக்குப் புறப்படுகிறான். அவனுடைய பெயர்தான் ஃபீபிள்!

பிற்காலத்தில் இது விளையாட்டாக இருக்கவில்லை. "ஃபீபிள் மைன்டட்", அதாவது மனவலுக் குன்றியோர் என்பது, 1913ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டமொன்றில் ஒரு பிரிவினரின் பெயராயிற்று. அப்பெயர் சூட்டப்பட்டோரை நிலையங்களில் அடைத்துவைக்க அச்சட்டம் வழிவகுத்தது. 1927இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், அதே முத்திரை குத்தப்பட்ட ஓர் இளம் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அவருக்கு அப்படியொரு குறையே இருக்கவில்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். காலம் கடந்துவிட்டிருந்தது.

ஒருவருக்கு நாம் சூட்டும் அடைமொழி அவருடைய வாழ்வையே தீர்மானித்துவிடக் கூடும். என்னிடமுள்ள அகராதியில், அச்சொல்லின் பக்கத்தில் "இரங்கத்தக்க" என்ற பழைய பொருளையும் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.