பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்த அத்தை

பெண்ணியம் படிக்க வருகிற மாணவிகளின் கையில் முதலில் கொடுக்கப்படும் நூல்களில் ஒன்று, வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட ‘தனக்கென ஓர் அறை’. ஒரு பெண் எழுத வேண்டுமானால் அவளுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டும் பூட்டிக்கொள்ள ஓர் அறையும் வேண்டும் என்ற வாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த 500 பவுண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் விழிப்பார்கள். விடை நூலிலேயே இருக்கிறது. கதைசொல்லியின் அத்தை எழுதிவைத்துவிட்டுப் போன பணம் அது. அந்த அத்தை பம்பாயில் காற்று வாங்கக் குதிரையில் போனபோது விழுந்து இறந்துபோனார். அதற்குமேல் அத்தையைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை. பம்பாயில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், பணம் எப்படிச் சேர்ந்தது என்ற கேள்விகளை நூல் எழுப்புவதும் இல்லை.

அந்த அத்தை கற்பனை. நிஜத்தில் வுல்ஃபுக்கு 2,500 பவுண்டு விட்டுச் சென்றவர் அவர் அப்பாவின் தங்கை கரோலின் எமிலியா ஸ்டீபன். 1909இல் இங்கிலாந்திலேயே இறந்தவர். அப்படியிருக்க, கதையில் ஏன் பம்பாய்? அந்த வர்க்கத்து ஆங்கிலக் குடும்பங்களில் பணம் ‘அங்கிருந்து’ வருவது விளக்கம் தேவைப்படாத விஷயமாக இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். மழை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? நான் கேட்டுப் பார்க்கலாம் என்று அந்தக் குடும்பத்தின் வழியைப் பிடித்துப் போனேன். அது என்னைப் பம்பாய்க்குக் கூட்டிப்போகவில்லை, கண்டிச் சீமைக்குக் கூட்டிப்போனது.

இப்படித் தேடுகிறவர்களுக்கு இலங்கை ஒரு சொர்க்கம். கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் தொடர்ந்து வெளியிட்டுவந்த டைரக்டரிகள் இருக்கின்றன. தோட்டத்தின் பெயர், மாவட்டம், எத்தனை ஏக்கர், அதில் எத்தனை ஏக்கர் பயிராகிறது, உரிமையாளர் யார், கொழும்பில் ஏஜென்ட் யார், துரை யார் என்று வரிவரியாக அடுக்கியிருப்பார்கள். ஓர் ஆண்டின் டைரக்டரியையும் ஐந்தாண்டு கழித்து வந்ததையும் அருகருகே வைத்தால், தோட்டம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவதும், கடனில் கைமாறுவதும், மருமகன் துரையாக வந்து உட்காருவதும் தெரியும். யார் எங்கே செத்தார்கள் என்று பார்க்க ஜே.பி. லூயிஸ் 1913இல் தொகுத்த கல்லறை வாசகங்களின் பட்டியல் இருக்கிறது. லண்டனில் உயில்கள் இருக்கின்றன. கொஞ்சம் பொறுமை இருந்தால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுப்பிவிடலாம்.

வுல்ஃபின் தாய்வழிப் பாட்டி மரியா பேட்டில். வங்காளத்தில் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜேம்ஸ் பேட்டிலின் மகள். மரியாவின் அக்கா ஜூலியா மார்கரெட், 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1838இல் அவர் தன்னைவிட இருபது வயது மூத்த சார்லஸ் ஹே கேமரனை மணந்தார். புகைப்படக் கலை வரலாறு தெரிந்தவர்கள் ஜூலியா மார்கரெட் கேமரன் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். இலங்கை வரலாறு தெரிந்தவர்கள் சார்லஸ் கேமரன் என்றால் நிமிர்வார்கள். 1830களின் தொடக்கத்தில் இலங்கையின் நிர்வாகத்தையும் நீதிமுறையையும் மாற்றியமைக்கப் பரிந்துரைத்த கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவின் அந்தக் கேமரன் இவர்தான். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்ததும், நிலத்தையும் உழைப்பையும் சந்தைக்குத் திறந்துவிட்டதும் அந்தச் சீர்திருத்தங்கள். திறந்த சந்தையில் அவரும் நிலம் வாங்கினார், காப்பி போட்டார்.

நிலம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, காடாகவோ தரிசாகவோ கிடக்கும் நிலம் எல்லாம், வேறொருவருடையது என்று நிரூபிக்கப்படும்வரை, முடியரசின் சொத்து. கண்டி மலைநாட்டுக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்து, விறகு பொறுக்கி, சேனைப் பயிர் செய்த காடுகளுக்குப் பத்திரம் ஏது? அந்த நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் ஆளுநர் இருந்தார், நீதிபதிகளும் அரசாங்க ஏஜென்டுகளும் படை அதிகாரிகளும் இருந்தார்கள். சட்டம் எழுதிய வர்க்கமும் நிலம் வாங்கிய வர்க்கமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

இன்னொரு முடிச்சும் இதே வீட்டில் இருக்கிறது. வுல்ஃபின் தந்தைவழித் தாத்தா சர் ஜேம்ஸ் ஸ்டீபன், 1833இன் அடிமை ஒழிப்புச் சட்டத்தை வரைந்தவர். 1836 முதல் 1847 வரை லண்டன் காலனி அலுவலகத்தின் நிரந்தரத் துணைச் செயலர். அடிமைமுறை ஒழிந்ததும் கரீபியத் தீவுகளின் காப்பி உற்பத்தி சரிந்தது. அதே காலத்தில் இலங்கைக் காப்பிக்கு இருந்த கூடுதல் சுங்கம் நீங்கியது. அந்த வெற்றிடத்தில்தான் கண்டி மலைகளில் காப்பி மூண்டு எரிந்தது. ஒரு தாத்தா எழுதிய நல்ல சட்டத்தின் தூரத்து விளைவில் இன்னொரு தாத்தாவின் தோட்டம் முளைத்தது. இதில் சதி எதுவும் இல்லை. ஆனால் ஒரே குடும்பத்தின் கைகள் இத்தனை இடங்களில் தட்டுப்படுவது தற்செயலும் இல்லை.

கேமரன் தம்பதி 1860இல் வைட் தீவில் வாங்கிய வீட்டுக்கு ‘டிம்போலா’ என்று பெயர் வைத்தார்கள். இலங்கையின் திம்புள்ளையில் இருந்த தோட்டத்தின் பெயர் அது. 48 வயதில் ஜூலியாவுக்கு மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார், கோழிக்கூண்டைக் கண்ணாடி அறையாக்கினார். வுல்ஃப் பிற்பாடு கேட்ட இரண்டும் தன் பாட்டியின் அக்காவுக்கு அறுபது ஆண்டுக்கு முன்பே கிடைத்திருந்தன: கோழிக்கூண்டில் ஓர் அறை, காப்பியிலிருந்து பணம். வுல்ஃபுக்கு இது தெரியாததல்ல. 1926இல் கேமரனின் படத்தொகுப்பு ஒன்றுக்கு முன்னுரை எழுதினார். அவர் இலங்கைக்குக் கிளம்பும் காட்சியை வைத்து ‘ஃப்ரெஷ்வாட்டர்’ என்று ஒரு கேலி நாடகமும் எழுதினார். கணவர் லெனார்ட் வுல்ஃப் யாழ்ப்பாணத்தில் அரசு உத்தியோகத்தைத் தொடங்கித் தமிழ் கற்றவர். தெரிந்துகொள்ள வழியில்லாமல் போன வீடு என்று அதைச் சொல்ல முடியாது.

1869இல் காப்பிச் செடியின் இலையில் பூஞ்சை நோய் விழுந்தது. தோட்ட வருமானம் கரைய, கேமரன் தம்பதி 1875இல் இலங்கைக்கே குடிபெயர்ந்தார்கள். ஜூலியா 1879இல் அங்கேயே இறந்தார். அடுத்த ஆண்டு சார்லஸும் போனார். இருவருக்கும் பொகவந்தலாவையில் புனித மேரி தேவாலயத்தில் கல்லறை.

அந்த நான்கு ஆண்டுகளில் ஜூலியா எடுத்த படங்களில் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. தோட்டத்திலும் களுத்துறையிலும் இருந்த ஏழைகள் அவற்றில் நிற்கிறார்கள். நான் அவற்றை அச்சிலும் திரையிலுமாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். நேராக லென்ஸைப் பார்க்கும் பெண்கள், முகத்தில் சிரிப்பு இல்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் வேலைக்காரப் பெண்களுக்கும் பெயர் உண்டு. மடோன்னாவாக நின்ற மேரி ஹில்லியரை நமக்குத் தெரியும். பிச்சையெடுத்த தாயோடு வந்து அந்த வீட்டில் வளர்ந்த மேரி ரயனைத் தெரியும். படத்தைப் பார்த்து மயங்கி அவரை மணந்த ஹென்றி காட்டன் 1904இல் பம்பாய் காங்கிரசுக்குத் தலைமை வகித்தது வரை தெரியும். இலங்கைப் படங்களுக்கு வந்தால் தலைப்புகள் ‘பெண், இலங்கை’, ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்று மாறிவிடுகின்றன. 1876–77 வாக்கில் விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நார்த் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். ஒருவனுடைய முதுகின் அழகு பிடித்துப்போய், தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளச் சொல்லி மகனை ஜூலியா வற்புறுத்தினாராம். நார்த் அதை வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். முதுகு பதிவாகியிருக்கிறது, பெயர் பதிவாகவில்லை.

பெயர் எழுதப்படாமல் இல்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் செக்ரோல் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் கூப்பிட்டுத்தான் ஆள் கணக்கு எடுத்தார்கள். தோட்டத் தமிழில் ஒரு நாள் கூலிக்கே ‘பேர்’ என்றுதான் சொல். பாதி வேலைக்கு அரைப்பேர். பெயர் கூலியாக மாறிய இந்தச் சொல்லை நான் வேறெந்தத் தமிழிலும் கண்டதில்லை. கங்காணியின் கடன் கணக்கைத் தீர்த்தால் ஆட்களை விடுவதாகச் சொல்லும் ‘துண்டு’ 1921இல் ஒழிக்கப்படும்வரை தோட்டம் தோட்டமாகக் கைமாறியது. 1901இலிருந்து வந்தவர்களுக்குத் தகரத் துண்டு கொடுக்கப்பட்டது, மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, பிறகு எண்கள். எல்லாம் எழுத்துதான். ஆனால் அவை ஒருத்தி தன் மகளிடம் கொடுத்துவிட்டுப் போகும் எழுத்து அல்ல. சின்னத்துரைகள் தமிழ் கற்றுக்கொள்ள அச்சான கையேடுகளில் ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. அந்த மொழியில் ‘உன் அம்மா பெயர் என்ன’ என்பதற்குத் தேவை எங்கே வந்திருக்கும்?

என் அப்பாயியின் அத்தை ஒருத்தி முசிறிப் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போனவள். நாவலப்பிட்டிப் பக்கம் என்பதற்குமேல் அப்பாயிக்குத் தெரியாது. தோட்டத்துக்கு அவள் சொன்ன பெயர் எந்த ஆங்கிலப் பட்டியலிலும் இல்லை. தொழிலாளர்கள் தோட்டங்களுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள், தபால்கூட அந்தப் பெயரில் போய்ச் சேரும். பெர்குசன் டைரக்டரியில் கேமரன் வீட்டை ஒரு மாலையில் பிடித்த நான், சொந்த அத்தையை இத்தனை ஆண்டில் பிடிக்கவில்லை.

இது வெறும் குடும்ப ஆர்வம் என்றால் விட்டுவிடலாம். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இப்படித் தேடியே ஆக வேண்டும் என்று லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களிடம் சொன்னது. தந்தை இலங்கையில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால், இலங்கையில் பிறந்த நீ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டும். தாய்வழிக்கு அதில் இடமே இல்லை. அம்மாவும் அம்மாயியும் அவள் அம்மாவும் அதே லயத்து அறையில் பிறந்து, அதே மலையில் கொழுந்து பறித்திருந்தாலும் அது கணக்கில் சேராது. காடு கிராமத்தாருடையது என்று நிரூபிக்கச் சொன்ன 1840இன் அதே தந்திரம் என்று எனக்குப் படுகிறது: எழுத்து முழுவதும் ஒரு தரப்பின் கையில், நிரூபிக்கும் பாரம் மறு தரப்பின் தலையில்.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு, 1,50,000 பேரைப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று பிரித்தது. அப்பாயியின் அத்தை வழியில் ஒரு பேத்தி அப்படித்தான் மண்டபம் முகாம் வழியாக வந்து கோத்தகிரியில் தேயிலைக்கே மறுபடி போனாள். அவளை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை பாலித்தீன் உறையில் வைத்திருக்கிறாள். அதில் தோட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவள் வாயில் வருகிற பெயர் வேறு. டைரக்டரிகளில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அடுத்த முறை அதன் நகலை எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். நான் வாசிக்க, அவள் கேட்டுச் சொல்ல வேண்டும்.