வீட்டுக்குப் போன மருந்து: வடசென்னையில் இருமலும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும்

முன்னுரை

மருந்தை நோயாளியின் வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் கண்காணிப்பும் உடன் செல்ல வேண்டும். இப்பாடத்தைச் சென்னை 1950களிலேயே கற்றது. காசநோயில் அது திட்டமாக வளர்ந்தது. சாதாரண இருமலில் வளரவில்லை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தை முன்வைத்து அந்த இடைவெளியை இக்கட்டுரை ஆராய்கிறது.

காசநோய் கற்பித்தது

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஐசோனியசிட், பாஸ் (பாரா-அமினோசாலிசிலிக் அமிலம்) ஆகிய மருந்துகளை ஒரு பிரிவினர் நெரிசலான தம் வீடுகளில் இருந்தபடியும், மறுபிரிவினர் சானடோரியத்தில் தங்கியும் ஓராண்டு உட்கொண்டனர். வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தருவதாக 1959இல் வெளியான முடிவுகள் காட்டின. மருந்து விழுங்கப்பட்டதா என அறிய, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று சிறுநீர் சோதிக்கப்பட்டது. ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் பலன் குறைவதும், கிருமி எதிர்ப்புப் பெறுவதும் அடுத்த ஆய்வில் தெரிந்தன. 1960களில் வாரம் இருமுறை நேரடிப் பார்வையில் மருந்து கொடுக்கும் முறையும் இங்கே சோதிக்கப்பட்டது.

இருமலுக்கு வந்த மாத்திரை

1980களில் உலக சுகாதார நிறுவனம், குழந்தையின் மூச்சை எண்ணி நிமோனியாவைக் கண்டறிந்து ஆன்டிபயாடிக் தரும் முறையைப் பரப்பியது. கோட்ரைமாக்சசோல் மலிவானது, அதுவே களப்பணியாளர் கைக்குப் போயிற்று. 1993 முதல் 1997 வரை சென்னை, வேலூர் உள்ளிட்ட மையங்களில் நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிகளைச் சோதித்தபோது, 56 விழுக்காடு கோட்ரைமாக்சசோலுக்குக் கட்டுப்படவில்லை. பெனிசிலினுக்கு ஓரளவு எதிர்ப்புக் காட்டியவை 1.3 விழுக்காடு மட்டுமே. கடுமையற்ற நிமோனியாவுக்கு அமாக்சிசிலினை 3 நாள் கொடுத்தாலும் 5 நாள் கொடுத்தாலும் குணமாகும் அளவு ஏறத்தாழ ஒன்றே என 7 இந்திய மருத்துவமனைகளின் ஆய்வு 2004இல் காட்டியது. மருந்தைக் குறைக்க இடமிருந்தது. கடையில் மருத்துவர் சீட்டில்லா விற்பனையைத் தடுக்கும் கண்காணிப்புதான் போதவில்லை.

மூன்று இருமல், ஒரு கடை

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. மணலி சுத்திகரிப்பு ஆலையும் துறைமுக லாரிகளும் இன்றும் இப்பகுதியின் காற்று மாசில் பங்கு கொள்கின்றன. புகையால் வரும் இருமல், வைரஸ் சளி, காசநோய் மூன்றும் மெடிக்கல் ஷாப் வாசலில் ஒன்றுபோலவே தோன்றும். முதல் இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் பயன்படாது. மூன்றாவதற்கு லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரையைச் சில நாள் கொடுத்தால் நோய் தற்காலிகமாக அடங்கும்; கண்டறிவது தள்ளிப்போகும்; அம்மருந்துக்கே எதிர்ப்பும் உருவாகலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றால் தினக்கூலிக்காரருக்கு அன்றைய கூலி போயிற்று; கடையில் நாலு மாத்திரை ஐந்து நிமிட வேலை.

சட்டமும் அதன் எல்லையும்

2012இல் மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட சென்னைப் பிரகடனம் கட்டுப்பாடு கோரியது. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை, மருத்துவர், நோயாளி, மருந்து விவரங்களைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. அதன் தொடக்கப் பட்டியலின் 46 மருந்துகளில் ஐசோனியசிட்டும் லெவோஃப்ளாக்சசினும் இருந்தன. அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் இருக்கவில்லை. பதிவேட்டுக் கண்காணிப்பு காசநோய் மருந்தைச் சூழ்ந்தது. அன்றாட இருமல் மருந்து அதற்கு வெளியே நின்றது.

முடிவுரை

கடைக்காரரை மட்டும் கட்டுப்படுத்தினால், கூலி இழக்க முடியாதவருக்கு மாற்று வழி கிடைக்காது. 1950களில் மருந்தோடு ஆய்வாளரும் வீடு தேடிச் சென்றதே அன்றைய சிகிச்சையின் பலம். மாலையிலும் திறந்திருக்கும் நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் இரண்டு வாரம் கடந்த இருமலுக்குச் சளிச் சோதனை கைக்கெட்டினால், வடசென்னையில் ஆன்டிபயாடிக்கின் தேவையை மாத்திரை வாங்கும் முன்பே முடிவுசெய்ய முடியும்.