சவலைப் பிள்ளை

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். ஏழு மாசக் குழந்தைக்குத் தாய். "அண்ணா, உங்க ஊர்ப்பக்கம் அந்தக் காலத்துல பிள்ளைகளுக்குக் கொடுத்த சத்துமாவை எப்படிச் செய்வாங்கன்னு எழுதுங்க. இருபத்தோரு தானியம் போடணும்ங்கிறாங்களே, அது என்னென்ன?" என்று கேட்டிருந்தார்.

எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். வீட்டுல அவளிடமும் கேட்டேன். ஆனால் எழுத எழுத ஞாபகத்துக்கு வந்தது மாவு இல்லை, என் தம்பிதான். அதனால் இந்த வாரம் மாவைப் பத்திக் கொஞ்சமும், எங்க ஊர்ப் பிள்ளைகள் உண்மையில் என்ன சாப்பிட்டோம் என்பதைப் பத்தி நிறையவும் சொல்கிறேன்.

எங்க ஊர் மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாயின் கடைமடை. நான் பிறந்தது 1965. தம்பி 1971. அடுத்த தங்கச்சி 1973. தங்கச்சி பிறந்தபோது தம்பிக்கு ஒன்றரை வயசு முடிந்திருந்தது. அவ்வளவு நாள் தாய்ப்பால்தான் அவனுக்கு முக்காவாசிச் சாப்பாடு. அம்மா மறுபடி மாசமானதும் பாலை மறக்கடித்தார்கள். மார்பில் வேப்பெண்ணெய் தடவினார்கள். மூணு நாள் அழுதான், பிறகு அடங்கிவிட்டான்.

அதுக்கப்புறம் அவன் வளரவே இல்லை. கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. முடி செம்பட்டையாகிவிட்டது. விளையாட மாட்டான், திண்ணையில் உட்கார்ந்தே கிடப்பான். வந்தவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "சவலையாப் போயிட்டான்."

சவலைப் பிள்ளை என்றால் நகரத்தில் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியுமோ. அடுத்த பிள்ளை வந்ததால் தாய்ப்பால் இழந்து, ஏங்கி நோஞ்சானாகிப்போன பிள்ளை. இதுக்கென்றே ஒரு சொல்லை நம்ம மொழி வைத்திருக்கிறது என்றால், எத்தனை வீடுகளில் எத்தனை காலமாக இது நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே அர்த்தத்தில் ஒரு சொல் ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்றைய கானா நாடு அப்போது கோல்டு கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி. அங்கே சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் வேலை பார்த்தார். ஜமைக்காவில் பிறந்தவர். ஒரு வயசிலிருந்து நாலு வயசு வரையுள்ள பிள்ளைகள் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி அவரிடம் வந்தார்கள். பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சி மட்டுமே குடித்து வளர்ந்தவர்கள். 1933-ல் இதைப் பத்தி மருத்துவ இதழில் எழுதினார். 1935-ல் எழுதிய கட்டுரையில் அந்த ஊர் மக்கள் வைத்திருந்த பெயரையே நோய்க்கும் வைத்தார்: க்வாஷியோர்கர். கா மொழிச் சொல். அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். அப்படியே நம்ம சவலைதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த அம்மா ஊர்ப் பெண்கள் சொன்னதைக் காதில் வாங்கினார் என்பது. பிள்ளைக்கு என்ன ஆச்சு என்பது தாய்மார்களுக்கு முன்னாடியே தெரிந்திருந்தது.

அதுக்கப்புறம் உலகம் கொஞ்சம் வழி தவறிப்போனது. தாய்ப்பால் போச்சு, மாவுக் கஞ்சி வந்துச்சு, அப்போ குறைவது புரதம்தான் என்று ஒரே முடிவாக எடுத்துக்கொண்டார்கள். 1955-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பில் புரதத்துக்கென்றே ஆலோசனைக் குழு அமைத்தார்கள். பால் பவுடர், மீன் மாவு என்று விதவிதமாகப் புரதம் தேடினார்கள். 1968-ல் புரத நெருக்கடி வரப்போகிறது என்று எச்சரித்து ஐ.நா. அறிக்கையே வந்தது.

இதை மறுத்தவர்களில் முக்கியமானவர் நம்ம சேலத்துக்காரர். டாக்டர் சி. கோபாலன். 1918-ல் பிறந்தவர். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். 1950-களின் கடைசியில் அந்தக் கூடம் ஹைதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். அவரும் கூட இருந்தவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடுவதைத் தொடர்ந்து கவனித்தார்கள். சில பிள்ளைகள் உடம்பு வீங்கிப்போனார்கள், சில பிள்ளைகள் வற்றி எலும்பும் தோலுமானார்கள். வீங்கின பிள்ளை புரதம் குறைவாகச் சாப்பிட்டிருக்கணும், இல்லையா? அப்படி இல்லை. ரெண்டு வகைப் பிள்ளைகளும் சாப்பிட்டது கிட்டத்தட்ட ஒரே சாப்பாடு. குறைந்தது புரதம் மட்டும் இல்லை, மொத்தச் சாப்பாடே குறைவு. அதே வீட்டுச் சாப்பாட்டை வயிறு நிறையக் கொடுத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும் என்பது அவர் வாதம். 1974-ல் மெக்லாரன் என்ற மருத்துவர், இந்தப் புரத மோகமே பெரிய தோல்வி என்று லான்செட் இதழில் எழுதினார்.

சரி, வயிறு நிறையக் கொடுக்க வேண்டியதுதானே? அங்கேதான் எங்க வீட்டுக் கதை வருகிறது.

எட்டு மாசப் பிள்ளை எட்டுக் கிலோ இருக்கும் என்று வையுங்கள். அதன் இரைப்பை ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு டம்ளர்தான் கொள்ளும். நாம் ஒரு சட்டி சோறு சாப்பிட்டுவிட்டு ஆறு மணி நேரம் வேலை பார்ப்போம். பிள்ளையால் முடியாது. அந்த ஒரு டம்ளரிலும் முக்கால்வாசி தண்ணீரா இருந்தால் வயிறு நிறையும், உடம்புக்குச் சத்து சேராது. அதனால் பிள்ளைக்குக் கெட்டியாகக் கொடுக்கணும், அடிக்கடியும் கொடுக்கணும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆறு மாசம் முடிந்ததும் ஒரு நாளைக்கு 2-லிருந்து 3 தடவை, ஒன்பது மாசத்திலிருந்து 3-லிருந்து 4 தடவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். இடையில் ஒண்ணு ரெண்டு தடவை தின்பண்டமும் சேரும்.

எங்க வீட்டில் 1973-ல் எத்தனை தடவை? ரெண்டு.

அம்மா காலை ஆறு மணிக்கு நடவுக்கோ களையெடுப்புக்கோ போய்விடுவார். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வரப்போர மரத்தில் தூளி கட்டிப் போடுவார். பால் குடிக்கிற பிள்ளை, விட்டுட்டுப் போக முடியாது. பால் மறந்த தம்பி வீட்டோடு. பார்த்துக்கொள்ள அப்பத்தாவும் நானும். அப்பத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. எனக்கு எட்டு வயசு. காலையில் அம்மா அவசரமா ஊட்டிவிட்டுப் போகும் கஞ்சி, ராத்திரி ஏழு மணிக்கு உலை கொதித்தபிறகு ஒரு வாய். அதுக்குள்ள பாதி நாள் தூங்கிப்போயிருப்பான்.

நடுவில் மத்தியானத்துக்கு ஒரு செம்பில் கஞ்சி வைத்திருப்பார் அம்மா. "தம்பிக்கு ஊட்டிட்டு நீயும் குடிடா" என்பார். எனக்கும் பசி. செம்பைக் கலக்காமல் மேலாகத் தெளிந்த தண்ணியைத் தம்பிக்கு ஊட்டிவிட்டு, அடியில் தங்கிய பருக்கையை நான் சாப்பிடுவேன். ஒருநாள் ரெண்டு நாள் இல்லை, அந்த நடவு சீசன் முழுக்க. இதை அம்மா இருக்கும்வரை அவரிடம் சொல்லவில்லை.

'அந்தக் காலத்துல கேப்பைக்கூழும் கம்மஞ்சோறும் சாப்பிட்டு எம்புட்டுத் திடமா இருந்தாங்க' என்று யாராவது சொன்னால் நான் சிரிச்சுட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். திடமா இருந்தவங்களை மட்டும்தானே நாம பார்க்கிறோம். தங்காத பிள்ளைகளை எந்தப் போட்டோவிலும் காணோம்.

அதுக்காக அப்பத்தாவுக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கேப்பையை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட வைத்து, காயவைத்துத் திரித்துக் கஞ்சி காய்ச்சும். முளைவிட்ட தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கிற நொதி உண்டாகும். அதனால் மாவை அதிகமாகப் போட்டாலும் கஞ்சி களியாக இறுகாது. அதே ஒரு டம்ளருக்குள் கூடுதல் சாப்பாடு அடங்கிவிடும். 1980-களில் மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திலும் பரோடா பல்கலைக்கழகத்திலும் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார்கள். ஆனால் அந்த மாவைத் திரிக்க ரெண்டு பெண்களுக்கு ஒரு நாள் வேலை போகும். வேலை இல்லாத மாசத்தில்தான் அது நடக்கும். வேலை இல்லாத மாசத்தில் தானியம் இருக்காது.

பல வகைச் சாப்பாடு என்று எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். வகை எங்க வீட்டிலேயே இருந்தது. கோழி முட்டை போட்டது. அது அடைக்கு, மிச்சம் சந்தைக்கு. மாடு கறந்தது, பால் காசுக்குப் போனது. கொல்லையில் முருங்கை இருந்தது. கீரை சின்னப் பிள்ளைக்குச் செரிக்காது என்றார்கள். பருப்பு கொடுத்தால் மாந்தம், பப்பாளி சூடு, முட்டை கொடுத்தால் பேச்சு வராது. வயிற்றாலை போனால் இருக்கிற கஞ்சியையும் நிறுத்திவிடுவார்கள். வயலிலும் வகை குறைந்துகொண்டே வந்தது. எங்க தாத்தா மானாவாரியில் கம்போடு தட்டாம்பயறு, மொச்சை, துவரை எல்லாம் சேர்த்து விதைத்தவர். அப்பா காலத்தில் ஐ.ஆர்.எட்டு வந்தது, தண்ணி வந்த வயலெல்லாம் நெல்லானது. நெல் எங்களுக்குச் சோறு போட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தட்டில் இருந்த பயறு போனது போனதுதான்.

அரசாங்கம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. 1956-ல் காமராசர் கொண்டுவந்த மதிய உணவைத்தான் நான் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டேன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை இரண்டு வயசு முடிந்த பிள்ளைகள் வரை நீட்டினார். ஆனால் சவலை விழுகிற வயசு ஆறு மாசத்திலிருந்து ரெண்டு வயசு. அந்தப் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க முடியாது.

அந்த வயசைக் குறிவைத்து வந்ததுதான் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கிக் கடனில் 1980-ல் எங்க மதுரை மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கினார்கள். ஆறு மாசத்திலிருந்து மூணு வயசு வரையுள்ள பிள்ளைகளை மாசாமாசம் எடை போடுவார்கள். எடை ஏறவில்லை என்றால் 90 நாளைக்குத் தினமும் கூடுதல் சாப்பாடு. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். கொடுத்தது கொஞ்சம்தான். ஆனால் ஊர்க்காரப் பெண் ஒருத்தரே அந்த வேலையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அட்டையைக் காட்டி அம்மாவிடம், "அக்கா, நேத்து பாப்பாவுக்கு எத்தனை தடவை ஊட்டுனீங்க?" என்று கேட்பார். அதுவரை எங்க வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. 'என்ன கொடுத்தே' என்பார்கள், 'சாப்பிட்டுச்சா' என்பார்கள். எத்தனை தடவை என்று யாரும் எண்ணியதில்லை.

கடைசித் தங்கச்சி 1981-ல் பிறந்தாள். அவளுக்கு அட்டை இருந்தது, பத்து மணிக்கு ஓர் உருண்டை கிடைத்தது. அம்மா தூக்குவாளியில் மத்தியானக் கஞ்சியை வரப்புக்கே கொண்டுபோகப் பழகினார். இன்றைக்கு அந்தத் தங்கச்சி, பத்து வயசு மூத்த தம்பியைவிட நாலு விரல் உயரம். அதுக்குள் நானும் சம்பாதிக்க ஆரம்பித்திருந்தேன், வீட்டு நிலைமையும் மாறியிருந்தது. எல்லாம் அந்தத் திட்டத்தால்தான் என்று சாதிக்க மாட்டேன். அதுவும் ஒரு காரணம் என்று மட்டும் தெரியும்.

இப்போ சென்னைத் தங்கச்சிக்குப் பதில்.

சத்துமாவு செய்யுங்கள், நல்லதுதான். கேப்பை, கம்பு, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, நிலக்கடலை போதும். முடிந்தால் கேப்பையை முளைகட்டுங்கள். ஆனால் இருபத்தோரு சாமான் போட்டாலும் அது ரெண்டே வகைதான். உலக சுகாதார நிறுவனம் எட்டு வகையாகப் பிரிக்கிறது: தாய்ப்பால், தானியம், கிழங்கு, பயறு, கடலை, பால், தயிர், கறி, மீன், முட்டை, கீரை, பூசணி, மாம்பழம் மாதிரியானவை, மற்ற காய், பழம். இதில் ஒரு நாளைக்குக் குறைந்தது 5 வகை பிள்ளையின் வாய்க்குப் போகணும். மாவில் எட்டுத் தானியம் இருந்தாலும் கணக்கில் அது ஒண்ணுதான். ஒரு முட்டை, ஒரு கரண்டி கீரை மசியல், ஒரு துண்டு பப்பாளி இதெல்லாம் டப்பாவுக்குள் வராது. தாய்ப்பாலை ரெண்டு வயசு வரை நிறுத்தாதீங்க. உங்க பிள்ளைக்கு எதாவது ஒத்துக்கலைன்னா டாக்டரையோ நர்ஸம்மாவையோ கேளுங்க, என்னைக் கேட்காதீங்க.

இது பழைய கதை என்றும் நினைக்க வேண்டாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாசம் முதல் ரெண்டு வயசுக்குட்பட்ட இந்தியப் பிள்ளைகளில் போதுமான வகையும் போதுமான தடவையும் சேர்ந்து கிடைத்தது நூற்றில் சுமார் 11 பேருக்குத்தான். இத்தனை பேர் வீட்டிலும் அரிசி இல்லாமலா இருக்கும்? ஊட்ட ஆள் இல்லை, நேரம் இல்லை, இல்லையென்றால் ஒரே பண்டம் திரும்பத் திரும்ப. அன்றைக்கு அம்மாவுக்கு நடவு, இன்றைக்கு உங்களுக்கு ஆபீஸ்.

எங்க வீட்டில் இப்போ பேத்திக்குப் பத்து மாசம். மருமகள் வேலைக்குப் போகிறாள். மத்தியானம் ஊட்டுவது என் தம்பிதான். "கொண்டாங்கண்ணே, நான் ஊட்டுறேன்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொள்வான். செம்புக் கதையை அவனிடம் போன வருஷம்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசவில்லை. "உனக்கும் அப்ப எட்டு வயசுதானேண்ணே" என்றான்.

ஸ்பூனால் அடிவரைக்கும் கலக்கிவிட்டுத்தான் முதல் வாய் ஊட்டுகிறான்.