காவல் நிற்கும் கிருமி

கிருமி என்னும் சொல்லைப் பகைவனின் பெயராகவே நாம் உச்சரித்துப் பழகிவிட்டோம். இப்பழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதை மறுக்கும் சிறு அத்தியாயம் ஒன்றும் அவ்வரலாற்றுக்குள்ளேயே உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மகப்பேற்று மனைகளில் பிரசவக் காய்ச்சல் தாய்மாரைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ், மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்றார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. 1879இல் பாரிசில் பாஸ்டர், அந்நோய்க்குக் காரணமான சங்கிலி வடிவக் கிருமிகளைச் சுட்டிக்காட்டினார். அப்படியாயின், பெண்ணுடலில் இயல்பாக வாழும் கிருமிகளும் கொலையாளிகள்தாமா? ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன், பிரசவக் காய்ச்சலை மனத்திற்கொண்டே யோனிச் சுரப்பை ஆராய்ந்தார். 1892இல் லைப்சிக்கில் வெளியான அவரது நூல் தந்த விடை வியப்பானது. நலமுள்ள பெண்ணிடம் வாழும் கோல்வடிவ நுண்ணுயிர் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, நோய்க்கிருமிகளைத் தடுக்கிறது. நம் வீட்டுத் தயிரைப் புளிக்கச் செய்வதும் அதே அமிலந்தான்.

ஆயினும் அழுக்கு என்னும் அச்சமே மேலோங்கியது. 1920களிலும் 1930களிலும் அமெரிக்க இதழ்களில் வந்த விளம்பரங்கள், லைசால் என்னும் கிருமிநாசினியால் உள்ளுறுப்பைக் கழுவுமாறு மனைவியரை வற்புறுத்தின. காவலாளியையே விரட்டிய துப்புரவு அது!

அக்காவலின் நுட்பம் பிற்பாடே துலங்கியது. யோனிச் சுவரின் செல்களில் ஈஸ்ட்ரோஜென் தூண்டுதலால் சேரும் கிளைக்கோஜெனே லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை தரும் அமிலம் கிருமிகளைத் தடுப்பதோடு நில்லாமல், அச்செல்கள் எழுப்பும் அழற்சிச் சமிக்ஞைகளையும் தணிக்கிறது. அவை குறைந்து பிற இனங்கள் பெருகினால் அழற்சி மிகுந்து, நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே திரள்கின்றன. எச்.ஐ.வி. நாடுவது அத்தகைய செல்களைத்தான். தென்னாப்பிரிக்க இளம்பெண்களிடையே நடந்து 2017இல் வெளியான ஆய்வில், லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் மிகுந்தோரைவிட, பலவினக் கிருமிகள் மிகுந்தோருக்கு எச்.ஐ.வி. தொற்று நான்கு மடங்காக இருந்தது.

எனினும் இதை ஒற்றை அளவுகோலாக்கிவிடலாகாது. 2011இல் வெளியான ஆய்வில் நலமுடன் இருந்த 396 வட அமெரிக்கப் பெண்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடம் லாக்டோபேசில்லஸ் ஆதிக்கம் இல்லை.

காவலாளியைத் திரும்ப அழைக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பாக்டீரியப் பெருக்கத்தால் துன்புற்ற 228 பெண்களுக்கு முதலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தரப்பட்டது. பின்னர் கிரிஸ்பேட்டஸ் பெற்றோருள் 30 விழுக்காட்டினருக்கும், வெற்று மருந்து பெற்றோருள் 45 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டது. டோடர்லைன் நூலுக்கும் இதற்கும் இடையே 128 ஆண்டுகள். அறிவியலின் தாமதம் மட்டுமன்று இது. பெண்ணுடலைக் கூச்சத்தோடு மட்டுமே நோக்கிய நம் அனைவரின் தாமதமுமாகும்.