முதுவர் குறிப்பு பிறந்த கதை

எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்தது. அதில் ஏலமலைப் பழங்குடியினரான முதுவரைப் பற்றிய பகுதி அவர் எழுதியதல்ல. அய்ல்மர் மார்ட்டின் என்ற தோட்டத் துரை எழுதிக் கொடுத்தது.

மார்ட்டின் வழிப்போக்கர் அல்ல, அந்த மலையிலேயே வாழ்ந்தவர். ஆனால் எப்படி வாழ்ந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1877-ல் பூஞ்சாறு ராஜா மன்றோ துரைக்கு எழுதிக் கொடுத்த மலைக்குக் கண்ணன் தேவன் என்று பெயர். கண்ணன் தேவன் ஒரு முதுவர் தலைவர் என்பார்கள். குடிகளின் காட்டில் தோட்டம் போட்டவர்களில் ஒருவர்தான் அந்தக் குடிகளைப் பற்றி எழுதினார்.

இருந்தும் அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். முதுவரில் அப்பன் மகனுக்குச் சொல்லி வந்த கதையை அவர் எழுதி வைத்தார்: பாண்டியன் காலத்துச் சண்டையில் முதுவர் மதுரையை விட்டு ஓடினார்கள். போடிநாயக்கனூர் வந்ததும் கர்ப்பிணிகளை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறினார்கள். விடப்பட்டவர்கள் நீலகிரிக்குப் போனார்களாம். பின்னாளில் இரு கூட்டத்தாரும் போடியில் எதிர்ப்பட்டால், ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியும், ஆனால் பேச்சு கிடையாது. இந்த மௌனத்தைப் பதிந்து வைத்ததற்காகவே மார்ட்டினுக்கு நன்றி சொல்வேன்.

எப்போது வந்தீர்கள் என்பதற்கு மட்டும் முதுவரிடம் பதில் இல்லை. மதுரை மீனாட்சியை முதுகில் சுமந்து வந்தோம் என்றொரு கதையும் அவர்களிடம் உண்டு. யாரைச் சுமந்தோம் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது. குறிப்புக்கோ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. தெலுங்கு நாயக்கர்கள் போடியைப் பிடித்த பதினான்காம் நூற்றாண்டாக இருக்கலாம் என்று ஓர் ஊகத்தை அது சேர்த்துக்கொண்டது. கதை சொன்னவர்களுடையது, காலம் எழுதியவருடையது. இரண்டும் ஒரே பத்தியில் கலந்து கிடப்பதால், வாசிக்கிறவர் ஊகத்தையும் முதுவர் வாக்காகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

பெண்கள் தங்களுக்குள் சொன்னது மார்ட்டின் காதுக்கு எட்டியிருக்காது. மாதவிலக்கு நாள்களில் முதுவர் பெண்கள் தங்கும் தனிக்குடிசைப் பக்கம் முதுவர் ஆண்களே போவதில்லை. துரை எப்படிப் போயிருப்பார்? கர்ப்பிணிகளை விட்டு வந்ததை அங்கே பெண்கள் எப்படிச் சொல்லிக்கொண்டார்களோ! குறிப்பில் அதற்கு இடமே இல்லை.

இப்போது அசோகன் மறையூர் போன்றோர் முதுவர் மொழியிலேயே கவிதை எழுதுகிறார்கள். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியிலிருந்து ஒரு பெண் தன் பாட்டியிடம் இந்தப் போடிக் கதையைக் கேட்டு எழுத வேண்டும். மார்ட்டின் குறிப்புக்குப் பக்கத்தில் வைத்து அதை வாசிக்கக் காத்திருக்கிறேன்.